வணங்கும் பூனையும் மருத்துவப் பூனையும்: விலங்கு–மூலிகை உறவு குறித்த கதையாடல்கள் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காட்டுப்பூனைகளிடையே மூலிகை அறிந்த மருத்துவர்கள் இருப்பதாகக் கற்பிக்கும் ஆங்கில நாவல் வரிசை ‘வாரியர்ஸ்’. தமிழ் மரபிலோ பூனையையும் மூலிகையையும் இணைக்கும் சான்று ஒரு கதையாக இல்லாமல் ‘பூனைவணங்கி’ என்னும் தாவரப் பெயராக நிற்கிறது. இவ்விரண்டையும் குத்தாலத்தை நடுவாகக் கொண்ட காவிரிப் படுகைத் தலமரபோடு ஒப்பிட்டு, விலங்கு மருத்துவனாக இடம்பெறும் கதைக்கும் விலங்கு வணங்குவதாக இடம்பெறும் கதைக்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. தாவரப் பெயர்கள் விலங்கின் நடத்தையைப் பதிவு செய்கின்றன. அப்பதிவை மருத்துவச் சான்றாக மாற்றி வாசிப்பது பிழை மட்டுமன்று, தீங்கும் ஆகும் என்பது இதன் முடிபு.

குறிச்சொற்கள்: பூனைவணங்கி, வெருகு, திருத்துருத்தி, தாவரப் பெயரியல், வாரியர்ஸ், தலமரபு

1. முன்னுரை

மூலிகை என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது தென்காசியை அடுத்த குற்றாலமே. மலையும் அருவியும் காடும் சூழ்ந்த அவ்வூரோடு பெயரொலியால் மயங்குவது மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலம். இங்கு மலை இல்லை, காடு இல்லை. காவிரியும் வயலும் வரப்புமே உள்ளன. தேவாரம் இவ்வூரைத் திருத்துருத்தி என்று பாடும். கோயிலின் தலமரமாகிய உத்தாலமே இன்றைய ஊர்ப்பெயருக்கு அடிப்படை என்பது தலமரபு. அம்மரம் ஆத்தியின் ஒரு வகை.

இத்தகைய நெல்வயல் நாட்டில் மருந்துச் செடி காட்டிலிருந்து வருவதில்லை. கீழாநெல்லி வயலோரத்திலும் வல்லாரை வாய்க்கால் கரையிலும் அருகு வரப்பிலும் நொச்சி வேலியிலும் வளர்கின்றன. குப்பைமேனி வீட்டுக் கொல்லையில் குப்பை கொட்டுமிடத்தில் தானாக முளைக்கிறது. சித்த மருத்துவம் குப்பைமேனிக்கு வழங்கும் மறுபெயர்களுள் ஒன்று பூனைவணங்கி. அடர்வனத்தில் அறிவுள்ள விலங்கு தேடிக் கண்டடையும் அரிய பச்சிலை என்னும் பரவலான கற்பனைக்கு இப்பெயர் இசையவில்லை. அந்த இசையாமையே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

2. மருத்துவப் பூனை என்னும் கதைமாந்தர்

எரின் ஹண்டர் என்பது கேட் கேரி, செரித் பால்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் முதலியோர் கொண்ட எழுத்துக் குழுவின் புனைபெயர். ‘வாரியர்ஸ்’ வரிசையின் முதல் நூல் ‘இன்டு தி வைல்ட்’ 2003இல் வெளிவந்தது. காட்டில் குலங்களாகப் பிரிந்து வாழும் பூனைகளின் போர், பகை, விசுவாசம் ஆகியவற்றைச் சிறுவர்க்காகக் கூறும் இவ்வரிசையில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மருத்துவப் பூனை உண்டு.

இப்பாத்திரத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மருத்துவப் பூனை துணை கொள்ளலாகாது, குட்டி ஈனலாகாது. குலப்பகையைக் கடந்து பிற குலத்து மருத்துவர்களோடு அரைநிலா நாளில் கூடும். இறந்த முன்னோரின் குறிப்புகளைப் பொருளுணர்ந்து குலத்தலைவர்க்கு உரைக்கும். ஆக, நோய் தீர்ப்பவர், துறவி, குறி சொல்பவர் ஆகிய மூன்று நிலைகளும் ஓருருவில் இணைகின்றன. போரிடும் உடல்வலிமை இல்லாதார்க்கும் இக்குலங்களில் மதிப்புடைய இடம் தருவது இப்பாத்திரமே. கால் ஊனமுற்ற சிண்டர்பெல்ட், பார்வையற்ற ஜேஃபெதர் ஆகிய இருவரும் மருத்துவராகவே குலத்தில் நிலைபெறுகின்றனர். வீரத்தை உயர்த்தும் கதையுலகில் அதற்கு எதிர்நிலையான விழுமியம் ஒன்றை நிறுவியது இவ்வரிசையின் உண்மையான சாதனை.

மூலிகைப் பட்டியலை நோக்கினால், அது இங்கிலாந்தின் வேலியோரச் செடிகளைக் கொண்டு நாட்டுப்புற மருத்துவத்தைத் தழுவி அமைந்துள்ளது. சாமந்தி இனப் பூ புண் சீழ் பிடிப்பதைத் தடுக்கிறது. கசகசா விதை வலி தணித்து உறக்கம் தருகிறது. சிலந்தி வலை குருதியை நிறுத்துகிறது. கடும் இருமல் நோய்க்குச் சிறந்த மருந்தாகக் கூறப்படுவது கேட்மிண்ட். இச்செடி மனிதர் தோட்டங்களில் வளர்வது. ஆகவே காட்டுப் பூனைகள் தாம் இகழும் மனிதக் குடியிருப்புக்குள் நுழைந்தே அதைக் கொணர வேண்டியுள்ளது. காட்டின் தன்னிறைவைப் போற்றும் கதை, உயிர்காக்கும் மருந்துக்கு மனிதனின் தோட்டத்தை நாடுகிறது. இம்முரண் கதைக்குள் விவாதிக்கப்படாமலே கடந்து போகிறது.

அறச்சிக்கல் கூர்மை பெறும் இடம் வேறொன்று. யெல்லோஃபாங் என்னும் மூத்த மருத்துவப் பூனை, கொடுங்கோலனாகிய தன் மகனுக்கு நச்சுப்பழம் ஊட்டிக் கொல்கிறது. மருந்தறிந்தவர் நஞ்சும் அறிந்தவர் என்னும் உண்மையை இப்பகுதி எவ்விதச் சமாதானமுமின்றி முன்வைக்கிறது. ஆயினும் பிற இடங்களில் ‘இந்நோய்க்கு இவ்விலை’ என்னும் நேர்கோட்டு உறுதியே மேலோங்குகிறது. அளவு, பக்குவம், நோயாளியின் உடல்நிலை ஆகியன பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

3. சங்கப் பாக்களில் வெருகு

தமிழ் மரபில் காட்டுப்பூனைக்குரிய தொன்மையான சொல் வெருகு. தொல்காப்பிய மரபியல் மூங்கா, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகின் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்குகிறது. வெருகைப் பூசை என வழங்குவதையும் ஏற்கிறது. குறுந்தொகை, புறநானூறு, அகநானூறு ஆகியவற்றில் வெருகு இரு வகையாகவே இடம்பெறுகிறது. ஒன்று, அதன் கூரிய பல் முல்லை அரும்புக்கு உவமையாகும் நிலை. மற்றொன்று, அந்திப்பொழுதில் மனைக்கோழியை அச்சுறுத்தும் வேட்டை விலங்காகும் நிலை. குறுந்தொகையின் 107ஆம் பாடலில் தலைவனோடு கொண்ட துயிலைக் கலைத்த சேவலை, வெருகின் குட்டிக்கு இரையாகுமாறு தலைவி சபிக்கிறாள்.

இவற்றுள் எங்கும் வெருகு அறிவுடைய மருத்துவனாகவோ மனிதனுக்கு மருந்து காட்டும் வழிகாட்டியாகவோ வரவில்லை. பல்லும் பார்வையும் பசியும் உடைய விலங்காகவே அது நிற்கிறது. பூவுக்கும் பல்லுக்கும் இடையிலான உவமை, விலங்கையும் தாவரத்தையும் காட்சியளவில் மட்டும் இணைக்கிறது. பயன் அளவில் இணைக்கவில்லை. சங்கப் புலவரின் நோக்கில் விலங்கு மனிதக் குணத்தின் முகமூடி அன்று என்பதை இது உணர்த்துகிறது. விலங்கை விலங்காகவே விட்டுவைக்கும் இந்நோக்கு, பின்னர்த் தாவரப் பெயர்களிலும் தொடர்வதைக் காணலாம்.

4. தாவரப் பெயர்களின் சாட்சியம்

விலங்கின் பெயரால் வழங்கும் தமிழ்த் தாவரப் பெயர்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

அ. ஒப்புமைப் பெயர்கள்: பூனைமீசை, பூனைக்காலி முதலியன. உறுப்பின் வடிவ ஒற்றுமையே இங்குப் பெயருக்குக் காரணம். விலங்கின் செயல் எதுவும் குறிக்கப்படவில்லை.

ஆ. தவிர்ப்புப் பெயர்கள்: ஆடுதின்னாப்பாளை, ஆடாதொடை. பின்னதை ஆடு தொடாத இலை எனப் பிரித்துப் பொருள் கூறுவது வழக்கம். எதிர்ப்படும் தழையையெல்லாம் மேயும் ஆடு ஒதுக்கும் செடி என்பது மேய்ப்பர் தம் கண்ணால் கண்டு சொன்ன செய்தி.

இ. நாட்டப் பெயர்: பூனைவணங்கி. ஒரு விலங்கு ஒரு செடியிடம் காட்டும் தனித்த ஈர்ப்பைக் குறிப்பது.

ஈ. ஏற்றிக்கூறும் பெயர்: கீரிப்பூண்டு. விலங்கு அச்செடியைக் கொண்டு செய்வதாக நம்பப்படும் செயலைக் குறிப்பது.

முதல் மூன்று வகைகளும் கண்டதைக் கூறுகின்றன. நான்காவது காணாததைக் கருதிக் கூறுகிறது. இவ்வேறுபாடு பெயரியல் ஆய்வில் போதிய அழுத்தம் பெறவில்லை.

பூனைவணங்கி என்னும் சொல்லில் ‘வணங்கு’ என்னும் வினை இரு பொருள் தரும். வளைதல், மெய் தாழ்தல் என்பது ஒன்று; வழிபடுதல் என்பது மற்றொன்று. குப்பைமேனியின் வேரைத் தோண்டினால் பூனை அதை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, உடலை வளைத்துப் புரள்கிறது. முதற்பொருள் இந்நடத்தையின் நேரடி வருணனை. இரண்டாம் பொருள் அந்நடத்தைக்கு மனிதன் தரும் விளக்கம். ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது. ஆனால் இச்சொல் எவ்விடத்தும் பூனை அதனால் நோய் தீர்ந்தது என்று கூறவில்லை.

இக்கூர்நோக்கை வேதியியல் பின்னர் உறுதிசெய்தது. கேட்மிண்ட் இனத்தைச் சார்ந்த நெபெட்டா கட்டாரியாவில் பூனையை ஈர்ப்பது நெபெட்டலாக்டோன். அதற்கு நெருங்கிய ஐசோடைஹைட்ரோநெபெட்டலாக்டோனையும் ஐசோஇரிடோமிர்மெசினையும் குப்பைமேனியிலிருந்து ஆத்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் அடையாளம் கண்டு, பூனையை ஈர்க்கும் பொருள்கள் இவையே என்றனர். கொல்லையில் நின்று பூனையைக் கவனித்த மக்கள் இட்ட பெயரும் ஆய்வகத்தின் முடிவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. அவ்விரண்டும் கூறுவது ஈர்ப்பைத்தான், மருந்தை அன்று.

குப்பைமேனி என்னும் முதற்பெயரின் வரலாறு இதற்கு மாறானது. குப்பையான மேனியைப் பொன்மேனியாக்குவது என்று விரித்துரைப்பது இன்று பெருவழக்கு. சொறி, சிரங்குக்கு இவ்விலையை அரைத்துப் பூசும் மரபை நோக்க இவ்விளக்கம் கவர்ச்சியுடையதே. எனினும் செடி வளரும் இடத்தைச் சுட்டும் எளிய காரணம் கண்முன் இருக்கப் பயனைப் பெயருக்குள் ஏற்றுவது, பெயரைப் பிற்காலத் தேவைக்கு ஏற்ப வளைப்பதாகும். பெயரை மருந்துச்சீட்டாக வாசிக்கும் போக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

5. கீரியும் பூண்டும்

விலங்கு மருத்துவன் என்னும் கருத்துக்குத் தென்னாசியாவில் மிகப் பழைய சான்றாகக் காட்டப்பெறுவது கீரி. நாகத்தோடு பொருமுன் அல்லது பொருத பின் கீரி ஒரு பூண்டைத் தேடித் தின்னும் அல்லது அதன்மேல் புரளும் என்பது நம்பிக்கை. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா டா ஓர்ட்டாவின் உரையாடல் நூல் இச்செய்தியை இலங்கையோடு இணைத்துப் பதிவு செய்கிறது. 1753இல் லின்னேயசு ஒரு செடிக்கு ‘ஓஃபியோரைசா முங்கோசு’ என்று பெயரிட்டபோது இந்நம்பிக்கை அறிவியற் பெயருக்குள்ளும் புகுந்தது. ஓஃபியோரைசா என்பது பாம்பு வேர். முங்கோசு என்பது கீரி.

1992இல் வெளியான மூலக்கூற்று ஆய்வு, கீரியின் தசையில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியின் அமைப்பே நாகநஞ்சு அங்குப் பிணைவதைத் தடுக்கிறது என்று காட்டியது. காப்பு பூண்டில் இல்லை. கீரியின் உடலிலேயே உள்ளது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலம் எழுத்தில் நிலவிய ஒரு கதை, கீரி தப்பியது என்னும் உண்மையான காட்சிக்குத் தவறான காரணத்தைக் கற்பித்திருந்தது. பூனைவணங்கி என்னும் பெயர் நின்ற எல்லையில் கீரிப்பூண்டு நிற்கவில்லை.

6. காவிரிப் படுகை: வணங்கும் உயிர்கள்

குத்தாலத்தைச் சூழ்ந்த தலங்களை நோக்கினால் விலங்குக்கும் நோய்நீக்கத்துக்கும் உள்ள உறவு வேறொரு முறையில் வெளிப்படுகிறது. கிழக்கே மயிலாடுதுறையில் அம்மை மயிலாகி வழிபட்டாள். மேற்கே திருவாவடுதுறையில் பசுவாகி வழிபட்டாள். நோய்தீர்க்கும் தலமாகிய புள்ளிருக்குவேளூரில், அதாவது வைத்தீசுவரன்கோயிலில், சடாயு வழிபட்டதாகப் பெயரே கூறும். திருந்துதேவன்குடியில் நண்டு வழிபட்டது; அங்கு அம்மையின் திருப்பெயர் அருமருந்துநாயகி. மருந்தும் விலங்கும் ஒரே தலத்தில் இடம்பெறினும் மருந்தளிப்பது விலங்கன்று. விலங்கு வணங்குகிறது, மருந்து இறைவனிடமிருந்தோ அம்மையிடமிருந்தோ வருகிறது.

திருத்துருத்தியிலும் இவ்வமைப்பே. திருவொற்றியூரில் சங்கிலியார்க்குத் தந்த சூளுரையை மீறிய சுந்தரர் பார்வை இழந்தார். பின் உடலில் பிணியுற்றார். திருத்துருத்தி இறைவன் ஆணைப்படி அங்குள்ள குளத்தில் மூழ்கியதும் பிணி நீங்கியது எனப் பெரியபுராணம் கூறும். வேள்விக்குடியையும் இணைத்துச் சுந்தரர் பாடிய பதிகத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, காவிரி மலையிலிருந்து சந்தனமும் அகிலும் வாரிக் கொணர்ந்து கரையில் எற்றுகிறது. மற்றொன்று, பாடுபவர் தம்மை நாயெனத் தாழ்த்திக்கொள்கிறார்.

மணப்பொருள்களும் மருத்துவப் பயனுடையனவுமாகிய சந்தனமும் அகிலும் ஆற்றில் மிதந்து வருவதாகப் பாடல் சொல்கிறது. ஆனால் பிணி தீர்ந்தமைக்கு அவற்றைக் காரணமாக்கவில்லை. இத்தகைய தலமரபுகளை, நீரில் மூலிகைச்சாறு கலந்திருந்தது என்று விளக்கி அறிவியற்படுத்தும் போக்கு இன்று பரவலாகக் காணப்படுகிறது. திருத்துருத்திக்கு அவ்விளக்கத்தைப் பொருத்துவதற்குப் பதிகமும் இடந்தரவில்லை, பெரியபுராணமும் இடந்தரவில்லை. சூளுரை மீறல், பிணி, ஆணை, நீராடல், நீக்கம் என்னும் நிகழ்வுத்தொடர் அறவொழுங்கைச் சார்ந்தது. அங்கு மூலிகையைப் புகுத்தினால் சூளுரை மீறலுக்கும் பிணிக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. பக்தி இலக்கியத்துக்கும் பயனில்லை, மூலிகையியலுக்கும் பயனில்லை.

தம்மை நாயெனக் கூறும் அடியார், மயிலும் பசுவும் நண்டும் நிற்கும் வரிசையில் தாமும் வந்து நிற்கிறார். ‘வாரியர்ஸ்’ விலங்கை மனித மருத்துவனின் இடத்துக்கு உயர்த்துகிறது. படுகைத் தலமரபு மனிதனை வணங்கும் விலங்கின் இடத்துக்குக் கொணர்கிறது. பூனைவணங்கி என்னும் செடிப்பெயரில் ‘வணங்கு’ என்னும் வினை அமைந்தது இப்பண்பாட்டுச் சூழலில் வியப்புக்குரியதன்று. உயிர்கள் வணங்கும் என்பது இங்கு இயல்பான எதிர்பார்ப்பு.

7. ஒப்பீட்டின் விளைவும் வாசிப்பின் இடரும்

விலங்குகள் தாமே மருந்து கொள்வது அறவே கற்பனை என்று தள்ளிவிட இயலாது. தான்சானியாவின் மகாலே மலைப்பகுதியில் நோயுற்ற சிம்பன்சி கசப்பான வெர்னோனியா தண்டைச் சுவைத்ததை மைக்கேல் ஹஃப்மன் 1987இல் கண்டு 1989இல் வெளியிட்டார். சுமத்ராவில் ராக்கசு என்னும் ஒராங்குட்டான் தன் முகக்காயத்தில் ஒரு கொடியின் இலையை மென்று பூசியது 2024இல் வெளியான கட்டுரையால் அறியப்பட்டது. பூனைகள் வெள்ளிக்கொடி எனப்படும் ஆக்டினிடியா இலையில் உடலைத் தேய்ப்பதால் கொசு விலகுகிறது என்று சப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் காட்டினர். இந்நிகழ்வுகள் அனைத்தும் தன்னுடல் சார்ந்தவை. பிறர்க்கு மருத்துவம் செய்வதை ஒத்த அரிய செய்தி, காபோன் நாட்டு லோவாங்கோவில் சிம்பன்சிகள் பிற சிம்பன்சிகளின் காயத்திலும் பூச்சிகளை வைத்தமை பற்றி 2022இல் வெளிவந்தது. அங்கும் மூலிகை இல்லை. குலத்துக்கொரு மருத்துவர் என்பது மனிதச் சமூகத்தின் அமைப்பே. ‘வாரியர்ஸ்’ அதைப் பூனைக்கு அணிவித்துள்ளது. இலக்கியத்துக்கு அவ்வுரிமை உண்டு. அதை விலங்கியல் செய்தியாக வாசிப்பதே குறை.

இக்குறை மொழிபெயர்ப்பில் உடனடி விளைவு தரும். இவ்வரிசையைத் தமிழாக்குவோர் கேட்மிண்ட் என்பதற்குப் பூனைவணங்கி என்று பெயர்க்க விழைவது இயல்பு. பூனை ஈர்ப்பு என்னும் பொதுமை இருப்பதால் அது பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் கதையில் அது இருமலுக்குரிய மருந்து. அப்பெயர்ப்பு, குப்பைமேனி உட்கொள்ளத்தக்க பாதுகாப்பான மருந்து என்னும் செய்தியைச் சிறுவரிடம் சேர்க்கும். குளூக்கோசு-6-பாசுபேட் டிஹைட்ரோசனேசு என்னும் நொதிக் குறைபாடு உடையோர் குப்பைமேனி சேர்ந்த கஞ்சியை உட்கொண்டபின் குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்தமையை இலங்கை மருத்துவ அறிக்கை 1996இல் பதிவு செய்துள்ளது. பூனைகளின் ஈரலும் பல தாவரச் சேர்மங்களைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் குறைந்தது. மனிதர்க்கு ஏற்ற மருந்து அவற்றுக்கு நஞ்சாதல் உண்டு.

தவிர்ப்புப் பெயர்கள் இங்குத் தனிக் கவனம் பெறுகின்றன. ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிசுட்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோய் விளைவிப்பதும் ஆகும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. ஆடு தின்னவில்லை என்று மேய்ப்பர் இட்ட பெயரைக் கேட்ட மனிதன், அதையே குடற்புழுவுக்கு மருந்தாக்கினான். ஆடு ஒதுக்குவதெல்லாம் நஞ்சு என்று இதனால் பொதுவிதி கூற இயலாது. ஆடாதொடை இருமலுக்கு உதவும் செடியாகவே நீடிக்கிறது. ஆனால் பெயர் தந்த குறிப்பு ஆய்வுக்குரிய வினாவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

8. முடிவுரை

காட்டுப்பூனையை மருத்துவனாக்கும் ‘வாரியர்ஸ்’ கதை, வலிமையற்றோர்க்கு மதிப்பளிக்கும் அறத்தால் சிறக்கிறது. மூலிகை பற்றிய அதன் உறுதிமொழிகளால் அன்று. சங்கப் பாக்களின் வெருகு மருத்துவம் அறியாத வேட்டை விலங்கு. காவிரிப் படுகையின் தலமரபில் விலங்கு வணங்குகிறது, நலம் பெறுகிறது, நலம் தருவதில்லை. பூனைவணங்கி என்னும் பெயர் இவ்விரு மரபுகளின் இயல்போடும் ஒத்து, கண்ட நடத்தையைக் கூறி அவ்வளவில் நிற்கிறது.

இதனால் தமிழ்த் தாவரப் பெயரியல் ஆய்வுக்கு ஒரு நெறி பெறப்படுகிறது. விலங்குப் பெயர் தாங்கிய தாவரப் பெயர்களைத் தொகுக்கும்போது ஒப்புமை, தவிர்ப்பு, நாட்டம், ஏற்றிக்கூறல் என்னும் வேறுபாடு பேணப்பட வேண்டும். பெயரில் அமைந்த வினை எது, அவ்வினை குறிக்கும் நடத்தை இன்றும் காணத்தக்கதா, செடியின் எவ்வுறுப்பு அதில் தொடர்புடையது என்னும் மூன்று வினாக்களும் ஒவ்வொரு பெயரோடும் பதியப்பட வேண்டும். கள ஆய்வு மலையூர்களோடு நின்றுவிடாமல், குத்தாலம் போன்ற வயலூர்களின் வரப்பையும் வேலியையும் குப்பைமேட்டையும் நோக்கித் திரும்ப வேண்டும். ஆடு மேய்த்தோரும் கொல்லை பெருக்கிய பெண்டிரும் கண்ட காட்சிகளே இப்பெயர்களாயின. அவர்கள் கண்டதை அவர்கள் சொல்லாத ஒன்றாக மாற்றாதிருப்பது ஆய்வாளரின் முதற்கடமை.